தொட்டிக்குள் குடியிருந்தவர்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டு பட்டங்கள், ஒரு மூக்குக் கண்ணாடி, லேசான சர்க்கரை எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட நான், சென்ற கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி வெயிலில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கச் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை நீட்டி, "ஐயா, தயவு செஞ்சு வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

உள்ளே யாரும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவரை அங்கே குடிவைத்தவனே நான்தான்.

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். என் மனைவி விஜயா. அவள் மணிக்கட்டைப் பிடித்து வைத்திருந்த, என் தங்கையின் நான்கு வயது மகள் மகிழினி. கையில் புதுப் பூட்டோடு, பாலக்கரையிலிருந்து வந்திருந்த வெல்டிங் ரஹீம் பாய். மூவரில் சிரிக்காமல் நின்றது மகிழினி மட்டுமே.

மாடியில் குடியிருக்கும் சௌரிராஜன் வேட்டி உலர்த்த வந்தவர், கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஸேவிக்கறேளா?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"காலைப் பெருமாள் பக்கமா நீட்டிண்டு ஸேவிக்கறேளே!"

திசையை மாற்றிப் படுத்தேன். சிமெண்டு இந்தப் பக்கம் இன்னும் சூடாக இருந்தது.

இந்த நிலைமைக்கு நான் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் சுற்றுவழி. பாதிக் குற்றம் என் தொழிலுடையது. மீதி, என் திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றுடையது.

எட்டாத இடம்

நான் ஒரு எழுத்தாளன் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் பெருந்தன்மையோடு நம்புகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அரிசி வேகுவது வேறொரு எழுத்தால். மருந்து, பூச்சிக்கொல்லி, கழிப்பறை கழுவும் திரவம், கொசுவர்த்தி ஆகியவற்றின் அட்டைகளில் பொடி எழுத்தில் தமிழ் இருக்கும் இல்லையா? அதில் கணிசமான பகுதி அடியேன் எழுதியது. என் படைப்புகளிலேயே அதிகம் விற்றவை அவைதான். வாசித்தவர்கள் யாரும் கிடையாது.

அவற்றில் ஒரு வாக்கியத்தை மட்டும் ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

எழுதும்போது ஒரு நாளும் எந்தக் குழந்தையும் என் நினைவில் வந்ததில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், வேண்டாம். சில வருடங்கள் வருந்தினோம், பிறகு பழகிவிட்டோம், பிறகு நன்றாகவே இருந்தோம். குழந்தை இல்லாத வீட்டில் எல்லாப் பொருளும் பெரியவர்களின் வசதிப்படியே உட்கார்ந்திருக்கும் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

என் தங்கை கவிதா என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே கவிதை அவள். ஓசூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. கணவர் மஸ்கட்டில். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து மகிழினி பிறந்தாள். காது குத்தும்போது வழக்கப்படி தாய்மாமன் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அன்று அழுதவர்கள் இரண்டு பேர். குழந்தை சீக்கிரம் நிறுத்திவிட்டது.

கவிதாவுக்கு மூன்று வாரப் பயிற்சி வகுப்பு, திருச்சியில். ஒரு நாள் தவறினாலும் பதவி உயர்வு போயிற்று. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத் திரும்புவாள். விஜயா பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். (எங்கள் வீட்டில் இரண்டு எழுத்தர்கள். அரசாங்கம் மதிப்பது அவள் எழுதுவதை.) ஆக, பகல் முழுவதும் வீட்டில் இருக்கிற ஒரே பெரிய மனிதர் நான்.

"அண்ணா, பாத்துப்பீல்ல?" என்றாள் கவிதா, பையை இறக்கி வைத்ததும்.

"இதென்ன பெரிய விஷயம்?" என்றேன்.

'பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவங்க, உங்களுக்கு என்ன தெரியும்' என்று ஒரு வாக்கியம் உலகத்தில் இருக்கிறது. எங்களிடம் பலரும் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கவிதா ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவள் அதைச் சொல்ல வேண்டிய நாள் வந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த மூன்று வாரமும் என் வயிற்றில் கிடந்த கல்.

முழங்கால் உயரத்தில் ஒரு வீடு

முதல் நாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். வீட்டைக் குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நாலு காலில் தவழ்ந்து அறை அறையாகப் போனேன். மகிழினி என் முதுகில் ஏறிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு பிரயாணம்.

இருபது வருடமாகக் குடியிருக்கும் வீடு, முழங்கால் உயரத்தில் வேறு ஊராக இருந்தது. மேஜையிலிருந்து தொங்கும் இஸ்திரிப்பெட்டி ஒயர், பிடித்து இழு என்று கூப்பிட்டது. அடுப்படியில் அரிவாள்மனை சுவரோரம் சாய்ந்து, வா உட்காரு என்றது. என் சர்க்கரை மாத்திரைகள் மிட்டாய் போலச் சிரித்தன. புத்தக அலமாரி சுவரில் பிடிமானமே இல்லாமல் நின்றது. ஒரு பிள்ளை ஏறினால் உலக இலக்கியம் முழுக்க அதன் தலையில் இறங்கும்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு குளிர்பான பாட்டில். அதில் வெள்ளையாக, மோர் மாதிரி, ஃபினாயில்.

விஜயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் லேபிள் எழுதறவரு வீட்டுல லேபிளே இல்லாத பாட்டில்" என்றாள்.

"ஊத்தி வச்சது யாரு?"

"நீங்கதான். பெரிய கேன் தூக்கக் கை வலிக்குதுன்னு."

எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினேன். சாயங்காலம், நான் எட்டாத இடம் என்று நம்பிய நடு அலமாரியிலிருந்து மகிழினி என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். முக்காலியை இழுத்து, அதன் மேல் ஒரு தலையணை, அதன் மேல் பெரிய அகராதி. என் அட்டை வாக்கியத்தில் ஒரு பிழை இருப்பது அப்போது தெரிந்தது. எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. இன்னும் எட்டாத இடம் என்றுதான் இருக்கிறது.

பூங்காவுக்கும் போனோம். சறுக்குமரம் வெயிலில் காய்ந்து கிடந்தது. குழந்தையை விடுவதற்கு முன் சூடு பார்க்க வேண்டுமே. கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அன்று இரவு நான் ஏன் நின்றுகொண்டே சாப்பிட்டேன் என்று கவிதா கேட்டதற்கு விஜயா பதில் சொன்னாள். அந்தப் பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை.

மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு அம்மா மண்டபத்துப் படித்துறை. காவிரியில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"கையப் பிடிக்காதீங்க. மணிக்கட்டப் பிடிங்க" என்றாள் விஜயா. "ஈரத்துல பிள்ளைங்க கை மீன் மாதிரி வழுக்கிட்டுப் போயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எத்தன பிள்ளைங்கள எத்தன வருஷம் தூரத்துல இருந்து பாத்திருக்கேன்."

நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

தொபுக்கர்

இப்போது தொட்டிக்கு வருகிறேன்.

கொல்லையில் தரைக்குள் ஆறடி ஆழத்துக்குக் கட்டிய தொட்டி. தெருக் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் பிற்பகலில் வந்து அதில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றினால் எங்கள் வீட்டுக்கும் சௌரிராஜன் வீட்டுக்கும் குழாயில் வரும். வாய் இரண்டடிக்கு இரண்டடி. மேலே ஒரு தகர மூடி, சும்மா வைத்திருக்கும். ஒரு மூலை துருப்பிடித்து நாலு விரல் நுழையும் ஓட்டை.

மற்றதையெல்லாம் பரணில் ஏற்றலாம். தொட்டியை ஏற்ற முடியாது. மகிழினி வந்த இரண்டாம் நாளே ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"மாமா, உள்ள என்ன இருக்கு?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போயிருப்பான். நான் ஒரு கதை சொன்னேன்.

எல்லா வீட்டிலும் பூச்சாண்டி உண்டு. 'அங்க போனா பூச்சாண்டி பிடிச்சுக்கும்' என்று ஒரு வரி, முடிந்தது விஷயம். ஆனால் ஒரு வரியோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எதற்கு இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கிறேன்? உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றேன். பெயர் தொபுக்கர். யார் கிட்டே போனாலும் தொபுக்கென்று உள்ளே இழுத்துவிடுவார். அதுவரை சரி.

"அவருக்கு மீசை இருக்கா?"

அங்கேதான் வழுக்கினேன். மீசை இருக்கிறது என்றேன். பாசி படிந்து பச்சையாக இருக்கும் என்றேன். மோட்டார் ஓடும்போது கேட்கும் சத்தம் அவருடைய குறட்டை. உள்ளே இருட்டு என்பதால் அவருக்கு வெயிலே தெரியாது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. தினம் ஒரு விவரம் சேர்ந்தது. குழந்தை கண்ணை விரித்துக்கொண்டு கேட்க, பத்திரிகையாசிரியர்கள் வெட்டியெறியும் வர்ணனைகளையெல்லாம் நான் தொட்டிக்குள் கொட்டினேன். ஒரு நாள் அவருக்கு முறுக்கு பிடிக்கும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"அவருக்கு யாரு முறுக்கு குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. அதான் கோவம்."

எனக்கே பிடித்த வரி அது. பயம் நன்றாக வேலை செய்கிறது என்று விஜயாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். குழந்தை தொட்டியைப் பார்த்தாலே முகம் மாறுகிறது என்றேன். மாறியது உண்மை. அது பயமா வேறொன்றா என்று நான் கவனித்துப் பார்க்கவில்லை.

குழாயில் சீரகம்

இரண்டாம் வாரம் சௌரிராஜன் இறங்கி வந்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"சார், குழாய்த் தண்ணில சீரகம் வரது."

"சீரகமா?"

"சீரகம். நேத்திக்கு எள்ளு. நாங்க ஏகாதசி விரதம் சார். தண்ணி குடிச்சாலே விரதம் பங்கமாயிடறது."

தெருக் குழாயில் என்னென்னவோ கலந்து வருகிறது என்று நாட்டு நடப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி அனுப்பினேன். அதே வாரத்தில், பிள்ளை நொறுக்குத் தீனி நன்றாகச் சாப்பிடுகிறாள், டப்பா சீக்கிரம் காலியாகிறது என்று கவிதாவிடம் சந்தோஷமாகச் சொன்னதும் நான்தான். இரண்டு செய்திகளும் என் தலைக்குள் இருந்தன. ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆகவில்லை.

இடையில் ஒன்று. 'நாங்கள்லாம் இப்பிடியா வளந்தோம்? ஆத்துல குதிச்சோம், மரத்துல ஏறினோம், என்ன ஆயிடுச்சு?' என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். நானும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் ஜெயபால் என்று ஒருவன் இருந்தான். கோடை விடுமுறையில் கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கிப் போய்விட்டான். பள்ளி திறந்த நாளில் வகுப்பு ஆசிரியர் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தவறிப்போய் அவன் பெயரையும் வாசித்துவிட்டார். யாரோ ஒருவன் பழக்கத்தில் 'ஆப்சென்ட் சார்' என்றான். ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்த மேடைப் பேச்சில் நான் ஜெயபாலைச் சொன்னதே இல்லை.

நான்கு நிமிடம்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மகிழினி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. மட்டம் பார்ப்பதற்காக மூடியைப் பாதி நகர்த்தினேன். இதற்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்: மூடி திறந்திருக்கும் வரை கொல்லைக் கதவை வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நான் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

உள்ளே போன் அடித்தது. குழந்தை எழுந்துவிடப் போகிறாள் என்று ஓடினேன். கதவைச் சாத்தினேன். தாழிடவில்லை.

சென்னையில் எனக்கு அட்டை வேலை தரும் அலுவலகத்துப் பெண். குழந்தை விழிக்காமலிருக்க வாசல் பக்கம் போய்ப் பேசினேன்.

"சார், அந்தக் கரப்பான் மருந்து லேபிள். 'எட்டாத இடம்'னா ஏதோ அடைய முடியாத லட்சியம் மாதிரி இருக்குன்னு க்ளையண்ட் சொல்றாரு."

"அதெப்பிடிம்மா? 'குழந்தைகளுக்கு எட்டாத இடம்'. தெளிவா இருக்கே."

"'குழந்தைகளின் கைக்கு எட்டாத'ன்னு போடலாமான்னு கேக்கறாரு."

"கைன்னு சொன்னா கால்? வாய்? 'குழந்தைகளுக்கு'ன்னா எல்லாம் அடங்கிடுது."

ஆறாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் உள்ள நயத்தைச் சிரித்த முகத்தோடு விளக்கினேன். நான்கு நிமிடம் என்று பிறகு போனில் பார்த்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடம் என்பதை எப்படி எழுதுவது என்று நான் வாதாடிக்கொண்டிருந்த நான்கு நிமிடம்.

திரும்பினேன். பாயில் தலையணை இருந்தது. அவள் இல்லை.

கொல்லைக் கதவு திறந்திருந்தது.

மகிழினி தொட்டி வாயோரம் குப்புறப் படுத்திருந்தாள். தலையும் வலது கையும் தோள்வரை உள்ளே. கால்கள் சிமெண்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. மத்தியானம் நான் நறுக்கி வைத்த மாம்பழத் துண்டு அவள் கையில்.

"தொபுக்கு, வா. முறுக்கு இல்ல இன்னிக்கு. மாம்பழம். இனிக்கும். மேல வா."

கத்தவில்லை. கத்தக் கூடாது என்று யோசித்து முடிவெடுத்ததாகப் பெருமையடிக்க ஆசைதான். உண்மையில் குரல் வரவில்லை. செருப்பில்லாத காலால் எட்டு அடி நடந்தேன். அந்த எட்டு அடியில் அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். கீழே நாலடித் தண்ணீர். அவள் உயரம் மூன்றடி இரண்டு அங்குலம். சுவரில் பென்சிலால் குறித்தவன் நான்.

குனிந்து கையைப் பிடித்தேன். மாம்பழச் சாற்றில் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. மீன் மாதிரி. மணிக்கட்டைப் பிடித்தேன்.

இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். மூடியைக் காலாலேயே தள்ளி மூடினேன்.

அவளுக்கு மகா கோபம். "போ மாமா! இப்பதான் அவரு வர ஆரம்பிச்சாரு!"

"அவருக்கு... நீ பயப்படலியா, மகி?"

"எதுக்கு? அவரு பாவம். அவருக்கு யாருமே குடுக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் தெனமும் குடுப்பேன். ஓட்டை வழியா" என்றாள்.

சீரகமும் எள்ளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. நான் பயத்தை எழுதியதாக நினைத்தேன். அவள் படித்தது பசியை.

"மாமா, கை வலிக்குது. விடு."

விட நினைத்தேன். விரல்கள் பிரியவில்லை.

நாளைக்கும் கிளாஸ்

ஆறு மணிக்கு விஜயா வந்தாள். சொன்னேன். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே கேட்டாள். கொல்லைக்குப் போய்த் தொட்டி மூடியின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு பூச்சாண்டியக் கூட ஒழுங்கா பூச்சாண்டியா வச்சுக்கத் தெரியல உங்களுக்கு. ஒரு தாழ்ப்பாளுக்கு எத்தன நேரம் ஆகும்?"

கவிதாவிடம் சொல்ல வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஜயா என்னையும் பரணில் ஏற்றியிருப்பாள். ஏழு மணிக்குக் கவிதா வந்து தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு முழுவதையும் சொன்னேன். போன், தாழிடாத கதவு, மாம்பழம், எதையும் விடவில்லை. வர்ணனை ஏதும் சேர்க்காமல் நான் சொன்ன முதல் கதை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் எழுந்து போய், கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து உச்சியை முகர்ந்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. முதுகு குலுங்கியது. 'ம்மா, படம் அழியுது' என்று குழந்தை தள்ளிவிட்டது.

'பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவங்க' என்ற அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். விஜயாவும் அடுப்படியில் கரண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். சொல்ல எல்லா உரிமையும் கவிதாவுக்கு இருந்தது.

கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, நாளைக்கும் கிளாஸ் இருக்கு. ஒன்பதுக்குக் கிளம்பணும். எனக்கும் சேத்து டிபன் சீக்கிரம் பண்ணச் சொல்லு அண்ணிகிட்ட."

அவ்வளவுதான். அடுப்படியில் கரண்டி மறுபடி ஓடியது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

குடிபெயர்ச்சி

மறுநாள் விஜயா லீவு போட்டாள். ரஹீம் பாய் பழைய தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீல் வைத்த இரும்பு மூடி ஒன்றைப் பொருத்தினார். விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"அல்லா காப்பாத்துனான் சார். எங்க வீட்லயும் பேரப் பிள்ளைங்க இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "கதை எழுதறவங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு பூட்டா போடணும் சார்" என்றார்.

பூட்டை எடுத்தபோதுதான் மகிழினி அலறினாள்.

"பூட்டாதீங்க! தொபுக்கு உள்ள இருக்காரு! எப்பிடிச் சாப்புடுவாரு? எப்பிடி மூச்சு விடுவாரு?"

"உள்ள யாரும் இல்லம்மா, மாமா சும்மா சொன்னேன்" என்றேன். அந்த நான்கு வயதுக்காரி பார்த்தது மாதிரி எந்த விமரிசகரும் என்னைப் பார்த்ததில்லை. ஒருவரைக் காப்பாற்ற மனமில்லாதவன், அவர் இல்லவே இல்லை என்கிறான். இதுதான் அதன் பொருள். தேம்பித் தேம்பி அழுதாள். பூட்டும் கையுமாகப் பாய் தவித்தார்.

"அப்ப அவரக் காலி பண்ணச் சொல்லுங்க" என்றாள் விஜயா. "குடிவச்சவருதான காலி பண்ணணும்?"

எங்கே அனுப்புவது? காவிரிக்கு என்று வாயெடுத்தேன். "அங்கயும் தண்ணிதான்" என்றாள் விஜயா. மாடித் தொட்டிக்கு? ஏணி. மாமரத்துக்கு? ஏறுவாள். "காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிருங்க சார், காயும் பழமும் நெறைய" என்றார் பாய். லாரிகளுக்கு நடுவே முறுக்குப் பொட்டலத்தோடு இவள் நிற்பதை நினைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். இவர் எங்கே குடியிருந்தாலும் அங்கே ஒரு நாள் இவள் போய் நிற்பாள். கற்பனையில் ஒரு ஆளைக் குடிவைக்கக்கூடப் பத்திரமான இடம் ஊரில் கிடைக்கவில்லை.

கடைசியில் வையம்பட்டி. பஸ்ஸில் போக வேண்டிய தூரம். தனியாகக் கிளம்ப முடியாது.

இப்படித்தான் அந்தப் பதினோரு மணி வெயிலில் குப்புறப் படுத்தேன். சௌரிராஜன் சொன்னபடி திசை மாறிப் படுத்து, தொட்டிக்குள் குரல் கொடுத்தேன். இருட்டிலிருந்து என் குரல் எனக்கே திரும்பி வந்தது. "வையம்பட்டிக்குப் போறீங்களா? சரி, சரி. பஸ் இருக்கு. முறுக்கு கட்டித் தரேன்." விஜயா ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தவள், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் உண்மையாகவே யாரையோ வழியனுப்புகிறவள் மாதிரி ஆகிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒருவரை நாலு பேரும் பக்கவாட்டுச் சந்து வழியாக வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். பாய் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

பிறகு பூட்டு விழுந்தது. "பிள்ளைங்க உள்ள விழாம இருக்கத்தான் பூட்டு" என்று மகிழினியிடம் சொன்னேன். சாவியை விஜயா தன் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். எனக்கு எட்டாத இடம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மகிழினி என் பக்கத்தில் படுத்திருந்தாள். மேலே மின்விசிறி அனல் காற்றை வீசியது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

"வையம்பட்டில அவருக்கு யாரு இருக்கா?"

"அவரோட மாமா. தொபுக்கருக்கும் இப்ப லீவுதான். மாமா வீட்டுக்குப் போயிருக்காரு."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அழகாக முடித்துவிட்டோம் என்று கண்ணை மூடினேன்.

அவள் புரண்டு என் முகத்துக்கு நேராகப் படுத்து, மிகுந்த கவலையோடு கேட்டாள்:

"அந்த மாமாவாவது பூட்டு வாங்கிட்டாரா?"